நூறு வாட் ஒலியில் வாழும் ஊர்ப்பாட்டு

புதுதில்லி: மஞ்சள் ஒளி சிந்தும் பழைய குண்டு பல்புகள் வீட்டுக்கு வீடு எரிந்த காலத்தில், கூடத்தில் தொங்கிய பெரிய பல்பின் திறன் 100 வாட். இந்தியாவில் ஒரு சமுதாய வானொலி நிலையம் தன் ஒலியை வானில் செலுத்துவதற்கு அரசு பொதுவாக அனுமதிக்கும் திறனும் அதே 100 வாட்தான். ஆன்டெனா தாங்கும் கம்பம் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. அரசின் கணக்குப்படி, 5 முதல் 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் அந்த ஒலி தேய்ந்துவிடும். பெருநகரங்களின் தனியார் எஃப்.எம். நிலையங்கள் பல ஆயிரம் வாட் திறனில் ஒலிக்க, அவற்றின் அருகே இது சிறு குரல்.

அந்தச் சிறு குரலில்தான் தெலங்கானாவின் வறண்ட நிலத்து விதைப்புப் பாட்டு ஒலித்தது. தலைநகரின் எல்லையை ஒட்டிய குர்கானில், ஹரியாணா கிராமத்துப் பாடகர்களின் 'ராகிணி'யும் பிகாரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியின் போஜ்புரிப் பாட்டும் ஒலித்தன. விளம்பரதாரரைத் தேட முடியாத பாடல்கள் இவை. இசைத்தட்டுக் கடைகளில் இவற்றுக்கு இடமிருந்ததும் அரிது. பெரிய வானொலிகள் விட்டுவிட்ட இந்த இசைக்குச் சிறிய வானொலி இடமளித்தது எப்படி, அந்த இடம் இனியும் நிலைக்குமா என்ற கேள்விகளுக்கு விடை தேடினால், ஒரு கிரிக்கெட் வழக்கிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கிரிக்கெட் வழக்கில் பிறந்த உரிமை

1993 நவம்பரில் ஹீரோ கோப்பை கிரிக்கெட் போட்டிகள் நடைபெற்றன. அவற்றை ஒளிபரப்பும் உரிமையை வங்காள கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு அளித்தது. தூர்தர்ஷனைத் தாண்டி இதைச் செய்ய முடியாது என்று அரசுத் தரப்பு மறுத்தது. அதற்கு ஆதாரமாக நின்றது, ஆங்கிலேயர் காலத்தில் 1885-ல் இயற்றப்பட்ட தந்திச் சட்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

நீதிபதிகள் பி.பி. சாவந்த், தமிழகத்தைச் சேர்ந்த எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் 1995 பிப்ரவரி 9-ம் தேதி தீர்ப்பளித்தனர். வானலைகள் பொதுச் சொத்து; அவை அரசின் தனியுரிமையும் அல்ல, பணம் படைத்தவரின் தனியுரிமையும் அல்ல; பொதுநலன் கருதி ஒரு பொது அமைப்பே அவற்றின் பயன்பாட்டை முறைப்படுத்த வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். விளையாட்டு ஒளிபரப்பைப் பற்றிய வழக்கு, எழுத்தறியாத கிராமத்து மக்களுக்கும் வானலையில் பங்குண்டு என்ற கோரிக்கைக்குச் சட்டத்தின் துணையைத் தேடித் தந்தது.

ஆனால், தீர்ப்புக்குப் பிறகு வானலைக் கதவு முதலில் திறந்தது பணத்துக்குத்தான். எஃப்.எம். அலைவரிசைகள் ஏலம் விடப்பட்டன. 2001 ஜூலையில் பெங்களூரில் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்று 2002 டிசம்பரில் மத்திய அரசு அனுமதித்தது. அதன்படி 2004 பிப்ரவரி 1-ம் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி தொடங்கியது. வளாகத்தில் இயங்கும் சமுதாய வானொலிகளில் நாட்டிலேயே இது முதலாவது என்பது குறிப்பிடத்தக்கது. தன்னார்வ அமைப்புகள் மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. அவற்றுக்கும் அனுமதி தரும் முடிவை மத்திய அமைச்சரவை எடுத்தது 2006 நவம்பர் 16-ம் தேதி. தீர்ப்புக்கும் இந்த முடிவுக்கும் இடையே பதினோரு ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்த இடைவெளியில் பொறுமை காத்தவர்களும் உண்டு, காக்காதவர்களும் உண்டு. ஆந்திரத்தின் கர்நூல் மாவட்டம் ஓர்வகல்லில் மகளிர் குழுவினர் 2002-ல் தொடங்கிய 'மன ரேடியோ', உரிமம் இல்லாததால் மறு ஆண்டே மூடப்பட்டது. பிகாரின் வைசாலி மாவட்டத்தில் மின்சாதனங்கள் பழுதுபார்க்கும் ஓர் இளைஞர், சுமார் 50 ரூபாய்ச் செலவில் கருவி செய்து, மூங்கில் கழியில் ஆன்டெனா கட்டி வானொலி நடத்தினார். ஊரே கேட்டு மகிழ்ந்த அந்த நிலையமும் 2006-ல் அதிகாரிகளால் மூடப்பட்டது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் பூதிக்கோட்டையில் வேறொரு வழி கண்டனர். வானலையைத் தொட்டால்தானே குற்றம் என்று, 'நம்ம த்வனி' நிகழ்ச்சிகளைக் கேபிள் வழியாகவே வீடுகளுக்குக் கொண்டு சென்றனர்.

ஒலிநாடாவில் காத்திருந்த பத்து ஆண்டுகள்

காத்திருந்தவர்களில் முதன்மையாகக் குறிப்பிட வேண்டியவர்கள், அன்று ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்திலும் இன்று தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டத்திலும் உள்ள ஜஹீராபாத் வட்டாரப் பெண்கள். 1983-ல் தொடங்கப்பட்ட தக்காண வளர்ச்சிச் சங்கம் அவ்வட்டாரக் கிராமங்களில் பெண்களின் சங்கங்களை அமைத்தது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் சமூகத்தைச் சேர்ந்த, நிலம் குறைந்த உழவர்கள். சோளம், தினை, சாமை, துவரை எனப் பல பயிர்களை ஒரே நிலத்தில் கலந்து விதைப்பது அவர்களது வழக்கம்.

அவர்களில் பலர் பள்ளிக்கூடம் சென்றவர்கள் அல்லர். எந்த விதை எந்த மண்ணுக்கு ஏற்றது, எந்த நட்சத்திரத்தில் விதைப்பது, எந்தத் தழை எந்த நோய்க்கு மருந்து என்பன எல்லாம் அவர்களிடம் ஏட்டில் இல்லை. பேச்சிலும் பாட்டிலும் இருந்தன. அச்சு அவர்களுக்கு எட்டாதது, ஒலி இயல்பானது. வானொலியை அவர்கள் நாடியதற்குக் காரணம் இதுதான். யுனெஸ்கோவின் உதவியுடன் 1998-ல் மாச்சனூர் கிராமத்தில் ஒலிப்பதிவுக் கூடம் அமைந்தது. 2000 ஜூலையில் அருகிலுள்ள பஸ்தாபூரில் கூடிய வல்லுநர்களும் களப்பணியாளர்களும், சமுதாய வானொலிக்குச் சட்ட இடம் தர வேண்டும் என்று பிரகடனம் வெளியிட்டனர்.

கூடம் இருந்தது, கருவிகள் இருந்தன, பாடவும் பேசவும் பெண்கள் இருந்தனர். ஒலிபரப்பும் உரிமம் மட்டும் இல்லை. ஆகவே நிகழ்ச்சிகளை ஒலிநாடாக்களில் பதிந்து, மாலையில் சங்கக் கூட்டம் கூடும் ஊர்களுக்கு எடுத்துச் சென்று போட்டுக் காட்டினர். ஒரு கிழவி பாடிய பாட்டை அடுத்த ஊர்ப் பெண்கள் கேட்டனர்; அவர்கள் தங்கள் ஊர்ப் பாடத்தைச் சேர்த்துப் பாடினர்; அதுவும் பதிவானது. இப்படியே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நகர்ந்தன.

2008 அக்டோபர் 15-ம் தேதி, உலக ஊரகப் பெண்கள் தினத்தன்று, 'சங்கம் ரேடியோ' 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிக்கத் தொடங்கியது. நிலையத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றவர்கள் உள்ளூர்த் தலித் பெண்களே. தொடங்கி வைத்தவர், வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்த அதே நீதிபதி சாவந்த். பணி ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கழிந்த பின், தாம் எழுதிய தீர்ப்பு ஒரு கிராமத்துக் கம்பத்திலிருந்து ஒலியாக எழுந்ததை அவர் நேரில் கண்டார்.

ஒலிபரப்பு மாலை நேரத்தில் அமைந்தது. காட்டு வேலை முடிந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறிடும் வேளை அது. விதை, தண்ணீர், கைமருந்து பற்றிய உரையாடல்களுக்கிடையே விதைப்புப் பாட்டு, களைப்பாட்டு, திரிகை சுற்றும்போது பாடும் பாட்டு, தாலாட்டு ஆகியன இடம்பெற்றன. புரட்டாசியை ஒட்டிப் பெண்கள் பூக்களை அடுக்கி, வட்டமாகச் சுற்றிவந்து கைகொட்டிப் பாடும் பதுகம்மா பாடல்களுக்கும் இடமிருந்தது. ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர் திருப்பிப் பாடும் இந்தப் பாட்டுமுறையில், பாடுபவர் வேறு, கேட்பவர் வேறு என்ற பிரிவே இல்லை.

குர்கானில் ராகிணி

தெலங்கானா கிராமத்தில் ஒலித்ததைப் போன்ற குரல் கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த நகரத்திலும் எழுந்தது. தில்லியை அடுத்த குர்கானில், 2016-ல் குருகிராம் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்நகரில், 2009 நவம்பரில் 107.8 மெகாஹெர்ட்ஸில் 'குர்கான் கி ஆவாஸ்' தொடங்கியது. பன்னாட்டு நிறுவனங்களின் நகரம் என்று பெயர்பெற்ற இவ்வூரில், நிலத்தை விற்றுவிட்ட பழைய கிராமவாசிகளும், அவர்கள் கட்டிய சிறு அறைகளில் வாடகைக்குக் குடியிருக்கும் ஆடைத் தொழிற்சாலை ஊழியர்களும், கட்டடத் தொழிலாளர்களும் பெருந்திரளாக வாழ்கின்றனர். அவர்களை நோக்கியே இவ்வானொலி பேசியது.

திரைப்படப் பாடல்களைத் தவிர்த்து நாட்டுப்புற இசைக்கு இடம் தருவது என்று அந்நிலையம் முடிவெடுத்தது. தில்லி வட்டாரத் தனியார் எஃப்.எம். நிலையங்களில் பெரும்பாலானவை புதிய இந்தித் திரைப்பாடல்களை மாற்றி மாற்றி ஒலிபரப்பும் சூழலில், இது துணிச்சலான முடிவு. 'சாங்' எனப்படும் ஹரியாணா கூத்தில் கதை சொல்லப் பயன்படும் ராகிணிப் பாடல்கள் ஒலித்தன. கிராமத்துப் பாடகர்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து பாடினர். போஜ்புரி உள்ளிட்ட பிற மாநில மொழிகளின் பாடல்களும் சேர்ந்தன. நேயர்கள் தொலைபேசியில் அழைத்து, தங்கள் ஊர்ப் பாட்டைக் கேட்டனர்.

இம்முடிவுக்குப் பின்னால் கொள்கை மட்டுமின்றிக் கணக்கும் உண்டு. திரைப்பாடலை ஒலிபரப்ப உரிமைதாரரின் அனுமதியும் கட்டணமும் தேவை. சிறிய நிலையங்களுக்கு அது கட்டுப்படியாவதில்லை. தவிர, மொத்த நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூரிலேயே தயாரிக்கப்பட வேண்டும் என்பது 2006 விதிமுறைகளின் நிபந்தனை. இவ்விரண்டும் சேர்ந்து நிலையங்களை உள்ளூர்ப் பாடகர்களின் வாசலுக்கு அனுப்பின. வறுமை சில வேளைகளில் நல்ல ஆசிரியராகவும் அமைந்துவிடுகிறது.

மக்கள் எதைக் கேட்க வேண்டும் என்று மேலிடம் முடிவெடுப்பது இந்நாட்டில் புதிதன்று. 1952-ல் மத்திய அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரையிசைக்குக் கட்டுப்பாடு வந்தது. சாஸ்திரிய இசையே மக்களை உயர்த்தும் என்று கருதப்பட்டது. நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அவர்களை மீட்க 1957-ல் விவித்பாரதி தொடங்க வேண்டியதாயிற்று. அன்று அரசு ஒருவகை இசையை ஒதுக்கியது. பின்னர் சந்தை வேறொரு வகையை ஒதுக்கியது. இரண்டு காலங்களிலும் களத்துமேட்டுப் பாட்டுக்குக் கிடைத்தது ஓரத்து இடமே.

ஜாஸ் தேடிய சிறு அலைவரிசை

ஒதுக்கப்பட்ட இசை சிறிய அலைவரிசையை நாடுவது இங்கு மட்டும் காணப்படும் நிகழ்வன்று. அமெரிக்காவில் 1996-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், நாடு முழுவதிலும் ஒரு நிறுவனம் எத்தனை வானொலிகளை வேண்டுமானாலும் வைத்திருக்க வழி செய்தது. சில ஆண்டுகளில் ஒரே நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை வாங்கிக் குவித்தது. ஊர்தோறும் ஒரே பாடல் பட்டியல் ஒலிக்கிறது என்ற குறை எழுந்தது. இந்தப் பின்னணியில், 2000-ம் ஆண்டு ஜனவரியில் அந்நாட்டு ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம், லாப நோக்கற்ற அமைப்புகளுக்காகக் குறைதிறன் எஃப்.எம். என்ற புதிய வகையை உருவாக்கியது. அங்கும் உச்சவரம்பு 100 வாட். சென்றடையும் தொலைவு சுமார் ஐந்தரை கிலோமீட்டர். பெரிய நிலையங்களின் எதிர்ப்பால் சுருங்கிய அத்திட்டம், 2011 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்துக்குப் பிறகே நகரங்களுக்குப் பரவியது. அங்குள்ள இசை விற்பனையில் மிகச் சிறிய பங்கே கொண்ட ஜாஸ் இசைக்கும் இத்தகைய சிறு நிலையங்களில் இடம் கிடைத்தது.

ஜாஸின் வேர்களில் ஒன்று, அடிமைப்பட்டிருந்த கருப்பின மக்கள் வயல்களில் பாடிய உழைப்புப் பாட்டு. அங்கும் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர் திருப்பிப் பாடினர். ஜாஸ் உலகப் புகழ் பெற்றுவிட்டது; மாச்சனூர்ப் பெண்களின் பாட்டு அவ்வட்டாரத்தைத் தாண்டி அதிகம் கேட்கப்படவில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும், விற்பனையை வைத்து மட்டுமே இசையை அளந்தால் எவை விடுபட்டுப்போகும் என்பதை இரண்டும் உணர்த்துகின்றன.

ஒரே எண்ணில் பல ஊர்கள்

திறன் குறைவாக இருப்பதில் ஒரு நன்மையும் உள்ளது. எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வது. திறனும் கம்பத்தின் உயரமும் குறைந்தால் அது தன் எல்லைக்குள் நின்றுவிடும். ஆகவே ஒரே அலைவரிசை எண்ணை வெவ்வேறு மாவட்டங்களுக்கு மீண்டும் மீண்டும் வழங்கலாம். அண்ணா பல்கலைக்கழக வானொலிக்கும் மாச்சனூர் வானொலிக்கும், பாம்பன் மீனவர்களுக்காக 2016-ல் தொடங்கிய 'கடல் ஓசை' வானொலிக்கும் ஒரே எண் 90.4. ஒன்றின் குரல் மற்றொன்றைத் தொடுவதில்லை. பெரிய நிலையம் ஒன்று விழுங்கிவிடும் அலைவரிசையில் பல சிறிய நிலையங்கள் வாழ முடியும் என்பதே இதன் பொருள்.

இவ்வாறு வளர்ந்த சமுதாய வானொலிகளின் எண்ணிக்கை 2024 தொடக்கத்தில் 480-ஐத் தாண்டியது. 140 கோடி மக்களும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களும் உள்ள நாட்டில் இது பெரிய எண்ணன்று. அவற்றிலும் கணிசமானவை கல்வி நிறுவனங்கள் நடத்துபவை. மாச்சனூர் போன்று ஊர் மக்களே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து நடத்துபவை எத்தனை என்பதே உண்மையான கணக்கு.

செய்திக்குத் தடை, பணத்துக்குத் தட்டுப்பாடு

அனுமதி பெறுவதே முதல் தடை. விண்ணப்பம் தகவல், ஒலிபரப்பு அமைச்சகத்துக்குச் செல்லும். உள்துறை, பாதுகாப்புத் துறை முதலியவற்றின் ஒப்புதலும், தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசை ஒதுக்கீடும் வேண்டும். அதன் பின் விருப்பக் கடிதம், அனுமதி ஒப்பந்தம், கருவிகளை இயக்கும் உரிமம் எனப் படிகள் தொடரும். தில்லியில் அலுவலகம் இல்லாத ஒரு கிராமத்து அமைப்பு இப்படிகளில் ஏற ஆண்டுகள் ஆனதுண்டு.

அடுத்தது பணம். 2012-ல் அலைக்கற்றைக்கான ஆண்டுக் கட்டணம் ரூ.19,700-லிருந்து ரூ.91,000 ஆக உயர்த்தப்பட்டபோது, பல நிலையங்கள் ஒலிபரப்பை நிறுத்தி எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த உயர்வு பின்னர் கைவிடப்பட்டது. விளம்பரத்துக்கு முதலில் மணிக்கு 5 நிமிடங்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் இந்த வரம்பு 7 நிமிடங்களிலிருந்து 12 நிமிடங்களாக உயர்ந்தது. அரசு விளம்பரத்துக்கான கட்டணமும் 10 விநாடிகளுக்கு ரூ.52-லிருந்து ரூ.74 ஆயிற்று. அனுமதிக் காலம் பத்து ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. நிலையங்களின் ஆலோசனைக் குழுவில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

இவை வரவேற்கத்தக்கவை. எனினும், நேரத்தை 12 நிமிடங்களாக்கினால் மட்டும் விளம்பரம் வந்துவிடாது. பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ள உரக்கடையும் துணிக்கடையும் எவ்வளவு தரமுடியும்? அரசு விளம்பரத்தையே பெரிதும் நம்பும் நிலையம், அரசு அலுவலகத்தைப் பற்றிய கேள்வியை எழுப்பத் தயங்கும் என்ற அச்சமும் உள்ளது. அமெரிக்காவின் குறைதிறன் வானொலிகளுக்கு விளம்பரமே கூடாது. நேயர்களின் நன்கொடையில் அவை நடக்கின்றன. கூலி வேலை செய்யும் நேயர்களிடம் அத்தகைய நன்கொடையை எதிர்பார்ப்பது கடினம்.

மூன்றாவது, செய்திக்கு உள்ள தடை. செய்தி, நடப்பு விவகாரம், அரசியல் சார்ந்த நிகழ்ச்சிகளைச் சமுதாய வானொலி சொந்தமாக ஒலிபரப்பக்கூடாது என்பது 2006 முதலே உள்ள நிபந்தனை. பல தனியார் தொலைக்காட்சிகள் நாள் முழுவதும் செய்தி வழங்கும் நாட்டில், ஊர் ஏரி உடைந்ததை ஊர் வானொலி எந்த அளவுக்குச் சொல்லலாம் என்ற தயக்கம் நீடித்தது. தனியார் எஃப்.எம்., சமுதாய வானொலிகள் மீதான இத்தடையை எதிர்த்து 'காமன் காஸ்' என்ற அமைப்பு 2013-ல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. நாட்டின் பாதுகாப்பைக் கருதியே கட்டுப்பாடு என்பது அரசின் வாதம். அந்த அக்கறையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், பத்துக் கிலோமீட்டருக்குள் பேசுபவரை அந்த ஊரே அறியும். பேச்சில் பிழை இருந்தால் மறுநாள் காலையில் வாசலுக்கே வந்து கேட்பார்கள். அந்தப் பொறுப்புணர்வு தொலைவில் உள்ள பெரிய நிலையங்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

2020-ல் கரோனா பொது முடக்கத்தின்போது, நாடெங்கும் உள்ள சமுதாய வானொலிகள் உள்ளூர் மொழிகளில் தகவல்களைக் கொண்டு சேர்த்தன. முன்பே பாட்டின் வழியாக அறிமுகமான குரல் என்பதால் மக்கள் அதை நம்பினர். நாள்தோறும் ஒலிக்கும் ஊர்ப்பாட்டு, ஆபத்துக் காலத்தில் பயன்படும் நம்பிக்கையைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தது.

ஊரக இசைக்கு வேறு வழிகளும் இன்று உண்டு. கைப்பேசி வந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் பாடிப் பதிவேற்றலாம். ஆனால் கைப்பேசியில் ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்கின்றனர்; வானொலியை ஒரு தெருவே ஒரே நேரத்தில் கேட்கிறது. அதற்கு இணைய இணைப்பும் தேவையில்லை, மாதக் கட்டணமும் இல்லை. திரிகை ஓய்ந்து, மாவரைக்கும் இயந்திரம் வந்த ஊர்களில் திரிகைப் பாட்டை முழுமையாக அறிந்தவர்கள் முதியவர்கள் மட்டுமே. பதிவாகி ஒலிபரப்பானால் பேத்தி அதைக் கேட்பாள். இல்லையேல் பாட்டியோடு அதுவும் போய்விடும்.

வானலைகள் பொதுச் சொத்து என்று நீதிமன்றம் சொன்னது 1995-ல். அச்சொத்தில் ஒரு சிறு பங்காக 100 வாட் ஊருக்குக் கிடைத்திருக்கிறது. தாமதமின்றி உரிமமும், அரசின் தயவை எதிர்பாராத நிதியும், தன் ஊர்ச் செய்தியைத் தானே சொல்லும் உரிமையும் அதனோடு சேர வேண்டும். ஒலிநாடாக்களைச் சுமந்து ஊர் ஊராக நடந்த பெண்கள் பத்து ஆண்டுகள் காத்திருந்து ஒரு கம்பத்தைப் பெற்றனர். அந்தக் கம்பத்திலிருந்து அவர்களது பாட்டு தொடர்ந்து ஒலிப்பதை உறுதிசெய்ய வேண்டிய பொறுப்பு தில்லிக்கு இருக்கிறது.